வார்டில் நடந்த நடை போதுமா? பணிச்சோர்வும் உடற்பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாள் முழுக்க ஓடிக்கிட்டேதானே இருக்கேன், தனியா எதுக்கு எக்சர்சைஸ்?" பணிச்சோர்வைக் (வேலை அழுத்தம் நீடித்து வரும் 'பர்ன்அவுட்') குறைக்க உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவமனையில் வேலை செய்பவர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். கையில் கட்டிய வாட்ச்சும் பத்தாயிரம் அடி என்று சாட்சி சொல்லும். நியாயமான பேச்சாகத்தான் தெரியும். ஆனால் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வேலையில் உடல் படும் பாடும், ஓய்வு நேரத்தில் நாமாக விரும்பிச் செய்யும் பயிற்சியும் ஒரே பலனைத் தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு ஷிப்டைக் கவனித்துப் பாருங்கள். நரம்பு கிடைக்காத நோயாளிக்கு ஊசி ஏற்றக் கட்டிலின் மேல் குனிந்தே நிற்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டி விரிப்பு மாற்றினால் இடுப்பு கழன்றுவிடும். ஆபரேஷன் தியேட்டரிலோ மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். இதில் இதயமும் நுரையீரலும் வலுப்பெறும் அளவுக்கு வேகம் இல்லை. தசைகள் தளர்ந்து மீளவும் நேரம் இல்லை. எப்போது நிறுத்தலாம் என்பதும் நம் கையில் இல்லை. மனம் வார்டை விட்டு விலகாத நடை அது. ஆகவே ஸ்டெப் கவுண்ட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

சரி, பயிற்சி செய்தே தீருவோம் என்று கிளம்புபவர்கள் இன்னொரு தவறு செய்வார்கள்: ஒரு மணி நேரம் கிடைத்தால் ஜிம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிட வேகநடையும் கணக்கில் சேரும்.

நைட் டியூட்டி முடிந்த கையோடு ஜிம்முக்குப் போவதும் வேண்டாம். தூக்கத்தை வெட்டிச் செய்யும் பயிற்சி சோர்வைக் கூட்டவே செய்யும். தூங்கி எழுந்து, அடுத்த ஷிப்டுக்கு முன் கொஞ்சம் நடங்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்கள் பற்றாத வார்டில் இரட்டை ஷிப்ட் போட்டுவிட்டு, முடிந்ததும் கட்டாய யோகா வகுப்பு வைக்கிறார்கள். அதுவும் இன்னொரு டியூட்டிதான்! உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 பட்டியலில் பணிச்சோர்வு ஒரு நோயாக இல்லை. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தின் விளைவாகவே இருக்கிறது. உடற்பயிற்சி தாங்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டலாம். காலிப் பணியிடத்தை நிரப்பாது. "தினமும் ஓடினேன், அப்படியும் வேலைக்குப் போகவே வெறுப்பாக இருக்கிறது" என்பவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. டியூட்டி பட்டியலைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் பணிச்சோர்வு என்று ஒதுக்கிவிடுவது. விடுமுறையிலும் எதிலும் பிடிப்பில்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நடைப்பயிற்சியால் சரியாகும் என்று தள்ளிப்போடாதீர்கள். கூட வேலை பார்ப்பவரிடம் வராந்தாவில் நின்றபடி மாத்திரை எழுதி வாங்கவும் வேண்டாம். மற்ற நோயாளிகளைப் போலவே நீங்களும் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கி, உட்கார்ந்து பேசுங்கள்.