பல் பிடுங்கிய பின் இம்ப்ளாண்ட் எப்போது? நாள் குறிப்பதில் நேரும் தவறுகள்

பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு இம்ப்ளாண்டைப் பற்றி, அதாவது போன வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகைப் பற்றி, யோசித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான் என்பது என் கருத்து. பல் வாயில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்து, வேரைச் சுற்றி எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது, சீழ் எதுவரை அரித்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், எப்படிப் பிடுங்குவது, எப்போது இம்ப்ளாண்ட் வைப்பது என்ற இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யலாம். அப்படிப் பார்க்காமல் குறடு போட்டு முரட்டுத்தனமாக அசைத்து எடுக்கும்போது, உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் பல்லோடு ஒட்டிக்கொண்டு உடைந்து வருவதுண்டு. மேல் முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் தடிமன்கூட இருப்பதில்லை. முட்டை ஓட்டைக் கையாளும் பக்குவம் அங்கே தேவைப்படுகிறது.

அந்தச் சுவர் உடையாமல் தப்பினாலும் அப்படியே நிற்காது. வேரையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் பதிந்திருந்த உட்புற எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்கிவிடுகிறது. ஓராண்டுக்குள் அந்த இடத்துத் தாடையின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம் என்பதும், அந்த இழப்பில் பெரும்பங்கு முதல் 3 மாதங்களிலேயே நேர்ந்துவிடும் என்பதும் தெரிந்தால், 'எவ்வளவு நாள் ஆறவிடுகிறோமோ அவ்வளவு நல்லது' என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது விளங்கும். சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க் 1965இல் தம் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் பொருத்திய காலத்திலிருந்து வெகுநாள் வரை, பல் இருந்த குழி முழுவதும் எலும்பால் நிரம்பும்வரை பல மாதங்கள் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. இன்றோ, பிடுங்கிய அன்றே வைப்பது, ஈறு மூடிய பின் 4 முதல் 8 வாரங்களில் வைப்பது, எலும்பு ஓரளவு நிரம்பிய 12 முதல் 16 வாரங்களில் வைப்பது, 6 மாதங்களுக்கு மேல் காத்திருந்து வைப்பது என நான்கு வழிகள் உள்ளன. கடைசி வழியைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், பிடுங்கும் அன்றே குழிக்குள் எலும்புத்தூள் நிரப்பிச் சுருக்கத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் காலம் கடந்திருக்கும். அதற்குள் பக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாய்ந்திருக்கவும்கூடும்.

இதற்கு நேர்மாறான தவறு, அன்றே வைத்துவிட்டால் எலும்பு கரையாது என்று நம்புவது. இம்ப்ளாண்ட் உள்ளே இருந்தாலும் வெளிச்சுவர் கரையத்தான் செய்யும். சுவர் முழுமையாக இருந்து, ஈறு தடிப்பாக இருந்து, குழியின் அடிக்கு அப்பால் திருகு இறுகிப் பிடிக்க எலும்பும் இருப்பவருக்கே அன்றே வைப்பது பொருந்தும். சீழ் வடிந்துகொண்டிருக்கும் குழியிலோ, சுவர் இடிந்துபோன குழியிலோ அவசரப்பட்டு வைத்தால், சில ஆண்டுகளில் ஈறு பின்வாங்கிச் சாம்பல் நிற உலோகம் வெளியே தெரியும் நிலை வரலாம். அத்தகையவர்களுக்கு ஈறு மூடும்வரை பொறுக்கும் அந்த 4 முதல் 8 வாரங்களே மிகுந்த பலன் தருகின்றன.

'அன்றே இம்ப்ளாண்ட்' என்பதை 'அன்றே பல்' என்று புரிந்துகொள்வதும் அடிக்கடி நடக்கிறது. திருகு வைப்பது வேறு, அதன்மேல் கடிக்கும் பல்லைப் பொருத்துவது வேறு. வைத்த நாளன்று திருகின் இறுக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் பழைய எலும்பு கரைந்து புதிய எலும்பு உருவாகும் இடைவெளியில், ஏறத்தாழ 3ஆம், 4ஆம் வாரங்களில், அந்தப் பிடி தளர்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை என்று துணிந்து இந்த வாரங்களில் கெட்டியானதைக் கடிப்பது ஆபத்தானது. அன்றே தற்காலிகப் பல் வைத்திருந்தாலும், எதிர்ப்பல் அதில் இடிக்காதபடி அதைக் குறைத்து அமைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி முடியாத வயதினருக்கு இந்த நாள்கணக்கு எதுவும் பொருந்தாது. தாடை வளர வளர, இம்ப்ளாண்ட் மட்டும் வைத்த இடத்திலேயே தங்கிவிடும். புகைப்பவர்களும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் அதை முதலில் சரிசெய்துகொண்டு நாள் குறிப்பதே பாதுகாப்பு. எலும்புத் தேய்மானத்துக்காகவோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காகவோ ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், அதை இம்ப்ளாண்ட் வைக்கும் நாளில் சொன்னால் போதாது. சில மருந்துகளால், பல் பிடுங்கிய இடத்திலேயே தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. எனவே பிடுங்குவதற்கு முன்பே மருந்துச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது.