மலிவில் ஸ்கௌட் ரைஃபிள்: எங்கெல்லாம் காசு வீணாகிறது

முதலில் ஒரு தராசு வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருக்கிறதே, அது போதும். ஸ்கௌட் ரைஃபிள் (நாள் முழுக்கச் சுமந்து நடக்க ஏற்ற, லேசான, குட்டையான ரைஃபிள்) கட்டப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் ரைஃபிளை ஒரு தடவைகூட எடை போட்டுப் பார்ப்பதில்லை, நானும் என் முதல் ரைஃபிளைப் போடவில்லை, எல்லாம் பூட்டி முடித்து மலையில் ஒரு நாள் சுமந்து நடந்த பிறகுதான் தோள் கணக்குச் சொன்னது.

ஏன் எடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இந்த ரைஃபிளின் பிறப்பே அதில்தான் இருக்கிறது. ஜெஃப் கூப்பர், அமெரிக்க மரைன் படையில் இருந்தவர், அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர். அவர் 1983, 1984 ஆண்டுகளில் அங்கே ஆட்களைக் கூட்டி உட்கார்ந்து பேசி, ஒரே ஆள் ஒரே ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டுமென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டார். நீளம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), தோளில் மாட்டும் வார் எல்லாம் சேர்த்து, தோட்டா இல்லாமல் 3 கிலோ இருந்தால் நல்லது, 3.5 கிலோவைத் தாண்டினால் அது ஸ்கௌட் இல்லை. தோட்டா .308 வின்செஸ்டர். குறைந்த உருப்பெருக்கம் உள்ள ஸ்கோப், அது கெட்டுப்போனால் கைகொடுக்க இரும்புக் குறி (கண்ணாடி இல்லாத சாதாரண முன்குறியும் பின்குறியும்). இந்தக் கணக்குக்கு ஏற்ப ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் 1990களின் பிற்பாதியில் ஒன்றைச் செய்தது. அருமையான சாமான், ஆனால் விலையைக் கேட்டதும் பெரும்பாலானோர் ‘நாமே கட்டிக்கொள்ளலாம்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். தவறுகள் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பெரிய தவறு, பழைய ராணுவ ரைஃபிளைப் பிடித்துக்கொள்வது. மோசின் நகாந்த் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் அமெரிக்காவில் 100 டாலருக்குக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது, ஆசை மட்டும் இறங்கவில்லை. சரி, கையில் ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 91/30 மாடல் 123 சென்டிமீட்டர் நீளம், ஸ்கோப் இல்லாமலே 4 கிலோ. அதாவது நீங்கள் தொடங்கும் இடமே எல்லைக்கு வெளியே. பேரலை (குழலை) வெட்ட வேண்டும், வெட்டிய முனையை ஒழுங்காகச் சீவிச் சரிசெய்ய வேண்டும், போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளையின்) நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை வளைக்க வேண்டும், பின்குறி இருந்த இடத்தில் ஸ்கோப் தாங்கி வைக்க வேண்டும் (அது ஆடும், எனக்குத் தெரிந்த ஒருவருடையது நாற்பது தோட்டாவுக்கு ஒரு தடவை ஆடியது), அப்புறம் லேசான ஒரு ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை). ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னச் செலவு. கூட்டிப் பார்த்தால் ரகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் மாதிரி மலிவு ரைஃபிள் ஒன்றைப் புத்தம்புதிதாக வாங்கி ஸ்கோப்பும் வாங்கியிருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் பாதுகாப்புப் பூட்டு அதே பழைய பூட்டுதான், பின்னால் இருக்கும் குமிழை இழுத்துத் திருக வேண்டும், கையுறை போட்டிருந்தால் கதை முடிந்தது.

பழைய மவுசர் (ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த ராணுவ ரைஃபிள்) வாங்குகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. 98 மாடலுக்கு முந்தைய மவுசர்களில் போல்ட்டின் பின்புறம் உள்ள மூன்றாவது பாதுகாப்பு லக் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் முனை) கிடையாது, தோட்டா உறை கிழிந்தால் வாயுவை வெளியேற்றும் அமைப்பும் பின்னால் வந்த 98 அளவுக்கு இல்லை. அவற்றில் சில பிற்காலத்தில், அளவில் .308 போலவே இருக்கும் 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டு விற்பனைக்கு வந்தன. பார்க்கக் குட்டையாக, அழகாக, பாதி ஸ்கௌட் போலவே இருக்கும். அதில் கடையில் கிடைக்கும் .308 தோட்டாவைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால் என் பதில், வேண்டாம். அதே போல எந்தப் பழைய ரைஃபிளிலும் போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் பொருந்தவில்லை என்றால், துப்பாக்கி மெக்கானிக் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்து சரி என்று சொல்லும் வரை ஒரு தோட்டாகூட உள்ளே போகக் கூடாது. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், முகம் ஒன்றுதான் இருக்கிறது.

பேரலை வெட்டுவது பற்றி. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் அது வேறு வகை, முன்கூட்டியே பதிவும் ஒப்புதலும் இல்லாமல் செய்தால் கூட்டாட்சிக் குற்றம். போல்ட்டை மூடி, அதன் முகப்பிலிருந்து பேரல் நுனி வரை அளக்க வேண்டும். திருகிக் கழற்றக்கூடிய ஃபிளாஷ் ஹைடர் (பேரல் நுனியில் தீச்சுடரைக் குறைக்கும் குழாய்) அந்த அளவில் சேராது, அதையும் சேர்த்து 16 வந்தது என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாநிலச் சட்டம் தனி. ஆனால் சட்டத்தை விடுங்கள், 16க்கு இவ்வளவு பக்கத்தில் போக அவசியமே இல்லை. பேரல் ஒரு அங்குலம் குறைந்தால் .308இல் வினாடிக்குச் சுமார் 20 முதல் 30 அடி வேகம் போகிறது, அது பெரிய நஷ்டமில்லை, சத்தமும் தீச்சுடரும்தான் உண்மையான நஷ்டம். 18 அங்குலம் இருந்தால் மொத்த நீளம் 1 மீட்டருக்குள் சுலபமாக அடங்கிவிடும். தொழிற்சாலையிலேயே அந்த அளவில் வரும் சின்ன மாடலைத் தேடுங்கள், ரம்பத்தை எடுக்கவே வேண்டாம்.

இனி ஸ்கோப். இங்கேதான் நான் காசை விட்டேன். ஸ்கௌட் என்றால் ஸ்கோப் முன்னால் பேரல் மேல் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, தள்ளுபடியில் கிடைத்த கைத்துப்பாக்கி ஸ்கோப் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். சாதாரண ரைஃபிள் ஸ்கோப்புக்குக் கண் 3, 4 அங்குலத்தில் இருக்க வேண்டும், ஸ்கௌட் ஸ்கோப்புக்குப் பத்து அங்குலம் அளவில், கைத்துப்பாக்கி ஸ்கோப் கையை முழுக்க நீட்டிப் பார்ப்பதற்காகச் செய்தது. ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தை ஸ்டாக்கில் பதித்தால் உள்ளே கறுப்பு வளையம், நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெளிச்சம். தலையைப் பின்னுக்கு இழுத்தால் படம் விரிகிறது, ஆனால் கன்னம் காற்றில் நிற்கிறது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் ஆமை மாதிரி சுட்டுக்கொண்டிருந்தேன் ஒரு சீசன் முழுக்க.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடுங்கள், தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளை இயல்பாகத் தோளில் ஏற்றி, கன்னம் உட்கார்ந்த பிறகு கண்ணைத் திறங்கள். அப்படியே அசையாமல் நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் டேப்பை வைத்துக் கண்ணிலிருந்து ஸ்கோப் வரப்போகும் இடம் வரை அளக்கட்டும். அந்த எண்ணுக்கு ஏற்ற ஸ்கோப்பைத் தேடுங்கள்.

இன்னொன்றும் யோசிக்கலாம். ஸ்கோப் முன்னால் போனதற்கு ஒரு காரணம், மேலேயிருந்து கிளிப்பால் (தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் தகடு) தோட்டா நிரப்ப வழி விட வேண்டும் என்பது. உங்கள் ரைஃபிளில் கழற்றி மாட்டும் மேகசீன் (தோட்டாப் பெட்டி) இருந்தால் அந்தக் காரணம் அங்கேயே போய்விட்டது. முன்னால் இருக்கும் ஸ்கோப்பில் இரண்டு கண்ணும் திறந்து வேகமாகப் பார்க்கலாம், உண்மை. ஆனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் பின்கண்ணாடியில் வெளிச்சம் அடித்து ஒன்றுமே தெரியாமல் போகும், அதுவும் உண்மை. வழக்கமான இடத்திலேயே தாழ்வாகப் பூட்டிய, 1 முதல் 4 மடங்கு வரை பெரிதாக்கும் சின்ன ஸ்கோப் இன்று பலருக்குப் போதும். அதைவிட லேசாக வேண்டுமென்றால் முன்பக்கத்தில் ஒரு சின்ன ரெட் டாட் (பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளியால் குறி காட்டுவது), அதற்குக் கண் தூரம் என்ற தொல்லையே கிடையாது. கூப்பரின் பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இரும்புக் குறியைப் பலர் மறந்தே போகிறார்கள். மலிவு ரைஃபிள்களில் பெரும்பாலானவை குறி இல்லாத வழுவழு பேரலோடுதான் வருகின்றன. பின்குறியை ரெயிலில் (ரைஃபிள் மேல் உள்ள பற்றுச்சட்டத்தில்) மாட்டிவிடலாம், முன்குறிக்குப் பேரலில் வேலை இருக்கிறது, அந்தக் கூலியையும் முதலிலேயே கணக்கில் எழுதுங்கள். அல்லது குறி வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

வார் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எரிக் சிங் வடிவமைத்த மூன்று புள்ளி வாருக்கு (ரைஃபிளில் மூன்று இடத்தில் மாட்டுவது) மேகசீனுக்கு முன்னால் இன்னொரு கொக்கி இடம் தேவை, பிளாஸ்டிக் ஸ்டாக்கில் கண்ட இடத்தில் துளை போட்டு அது பிய்த்துக்கொண்டு வந்தால் ஸ்டாக்கே போச்சு. இரண்டு புள்ளியோடு வேலை செய்யும் ரொடீசியன் வார் இருக்கிறது, துளையே வேண்டாம்.

கடைசியாக மறுபடி தராசு. 2.8 கிலோ ரைஃபிள், ஸ்கோப்பும் வளையங்களும் 400 கிராம், வார் 150. ஆக 3.35, உள்ளே வந்துவிட்டோம். இங்கே கையை எடுத்துவிட வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று 350 கிராம் பைபாடு (இருகால் தாங்கி) மாட்டினால் 3.7. ஸ்டாக்கில் தோட்டாப் பை ஒன்று, அதில் ஒன்பது .308, அது இன்னும் 200 கிராமுக்கு மேல். தோட்டா கணக்கில் வராது என்று கூப்பர் சொன்னார், தோள் அதைப் படிக்கவில்லை. என் பைபாடு இப்போது அலமாரியில் இருக்கிறது, அந்தக் கைத்துப்பாக்கி ஸ்கோப்புக்குப் பக்கத்தில்.