கருங்காலி என்று கத்துவதற்கு முன்னால்

இங்கிலாந்துக் கால்பந்து அணிகளான லீட்ஸும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதும் ஆட்டம் டிவியில் வந்தால், லீட்ஸ் ரசிகர்கள் நிற்கும் பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். "ஸ்கேப்ஸ், ஸ்கேப்ஸ்" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துவார்கள். எதிரணி ரசிகர்களைக் கருங்காலிகள் என்று திட்டுகிறார்கள். நம் நாட்டு வீரர் லூகாஸ் ராதேபே அங்கே ஆடிய காலத்தில் லீட்ஸ் பக்கம் சாய்ந்த குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவில் நிறைய. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடும் அதில் ஒன்று. சனிக்கிழமை ஹாலில் கூடும் பிள்ளைகள் டிவியோடு சேர்ந்து அதையே கத்துகிறார்கள். அப்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் சொல்லித்தருவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தை எடுங்கள். யார் யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று ஊர் ஊராகக் குறித்துக்கொள்ளுங்கள். லீட்ஸ், ஷெஃபீல்ட், பார்ன்ஸ்லி எல்லாம் யார்க்‌ஷயர். திட்டு வாங்குவது அதற்குத் தெற்கே இருக்கும் நாட்டிங்ஹாம்ஷயர். டெர்பிஷயரின் செஸ்டர்ஃபீல்டும் நாட்டிங்ஹாம்ஷயரின் மேன்ஸ்ஃபீல்டும் சின்ன அணிகள்தான். ஆனால் அவை மோதும்போது கோஷம் இன்னும் கடுமையாக இருக்கும், ஏனென்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இரண்டுமே நிலக்கரியை நம்பிப் பிழைத்தவை.

அடுத்து, வருஷம். 1984 மார்ச்சில் 20 சுரங்கங்களை மூடப்போவதாக பிரிட்டனின் நிலக்கரி வாரியம் அறிவித்தது. 20,000 பேருக்கு வேலை போகும் நிலை. யார்க்‌ஷயர்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் பெரும்பாலோர் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடித்தவர்கள் 1985 மார்ச்சில் ஒன்றும் கிடைக்காமல் வேலைக்குத் திரும்பினார்கள். கோஷம் அங்கே பிறந்தது.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். திட்டு வாங்குகிறவர் தரப்பையும் தேடிப் படியுங்கள். ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் இருந்த சுரங்கத் தொழிலாளர் சங்கம் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் தனியாக நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேலைநிறுத்தம் வேண்டாம் என்றது. இன்னும் பின்னால் போனால் 1926 வரும். அந்த வருஷத்துப் பெரிய சுரங்கப் போராட்டத்திலும் இதே மாவட்டத்தில் ஸ்பென்சர் என்பவர் வேலைக்குத் திரும்பியவர்களைச் சேர்த்துத் தனிச் சங்கம் கட்டினார். 1984இல் யார்க்‌ஷயர்காரர்களுக்கு ஆத்திரம் அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு அந்தப் பழைய கதையும் ஒரு காரணம்.

அப்புறம் பிள்ளைகளுக்கு நான் விடாமல் சொல்வது ஒன்று உண்டு. நாட்டிங்ஹாம்ஷயரிலும் ஒரு சிறுபான்மை கடைசிவரை வேலைநிறுத்தத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிவர, இவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. யார்க்‌ஷயரில் ஊரே சேர்ந்து பசித்திருந்தது, இவர்களோ ஊருக்குள்ளேயே தனித்து நின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஃபாரஸ்ட் சட்டை போட்டுக்கொண்டு அதே மைதானத்தில்தான் உட்காருகிறார்கள், அதே கோஷம் அவர்கள் காதிலும் விழுகிறது. வேலைக்குப் போனவர்களுக்காவது சுரங்கம் மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. அந்த மாவட்டத்தின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015இல் மூடப்பட்டது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், நானும் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தவள். ஒரு வேலைநிறுத்தத்தின்போது எங்கள் வரிசையில் இருந்த ஒரு அக்கா உள்ளே போனார். புருஷனுக்கு வேலை இல்லை, கைக்குழந்தைக்கு இளைப்பு. ஜூலுப் பெண்களும் நாங்களும் சேர்ந்து அவரை "இகுண்டுவானே", எலி, என்றோம். வேலை திரும்பிய பிறகும் சாப்பாட்டு நேரத்தில் அவர் மெஷினிலேயே உட்கார்ந்து, டப்பாவின் மூடியைப் பாதி மட்டும் திறந்து சாப்பிடுவார். போராட்டம் நியாயமானது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லும் உரிமை அவரோடு சேர்ந்து பசித்திருந்தவர்களுக்கு மட்டும்தான் உண்டு. சோபாவில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது கிடையாது. எங்கள் வீட்டில் லீட்ஸுக்கு எந்தப் பாட்டு வேண்டுமானாலும் பாடலாம், அந்த ஒரு சொல் மட்டும் கூடாது.

உங்கள் வீட்டிலும் வேலைநிறுத்தம் பார்த்த பெரியவர் இருப்பார். 1973 ஜனவரியில் டர்பனில் கொரோனேஷன் செங்கல் ஆலையில் தொடங்கியது ஊரெல்லாம் பரவியது. அப்போது வேலையில் இருந்த தாத்தா, ஆயா இருந்தால் போய்க் கேளுங்கள். "நீங்கள் ஸ்ட்ரைக் பண்ணினீர்களா?" என்று ஆரம்பித்தால் ஆமாம், இல்லை என்று முடித்துவிடுவார்கள். "அந்த வாரம் என்ன சமைத்தீர்கள்? எந்தக் கடைக்காரர் கடன் கொடுத்தார்?" என்று கேளுங்கள். பீன்ஸ் கறி, மீலி மீல் என்ற சோள மாவு, கடன் நோட்டு என்று பேச்சு தானாக வரும். யார் உள்ளே போனார்கள் என்பதை அவர்களாகவே சொல்லட்டும், நீங்கள் தோண்டாதீர்கள். பெயர் சொன்னால் எழுதிவைக்காதீர்கள்.

சரி, நமக்கென்று ஒரு கோஷம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். டர்பன் கால்பந்து அணி அமாசூலு ஆடும் மைதானத்துக்கே தொழிற்சங்கத் தலைவர் மோசஸ் மபிடாவின் பெயர்தான். ரசிகர்கள் வெட்டி, வர்ணமடித்துத் தலையில் மாட்டும் மகரப்பா, சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசம்தான். நம்மிடம் 1913 இருக்கிறது. நம் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் நம் ஆட்கள், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் வருஷாவருஷம் கட்ட வேண்டியிருந்த 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஆக 3 பவுன் என்றால் ஆறு மாதக் கூலி. 1914இல் அந்த வரி ஒழிந்தது.

கோஷம் கட்டும்போது, வரி போட்டவனை, ஆலையை மூடியவனைப் பார்த்துக் கத்துவதாகக் கட்டுங்கள், பக்கத்து வரிசைத் தொழிலாளியைப் பார்த்து அல்ல. ஒருவர் கேட்க, கூட்டம் பதில் சொல்ல வேண்டும். பதில் ஒரே சொல்லாக இருந்தால் நல்லது.

"மூணு பவுன் வரி!"
"கட்டமாட்டோம்!"

எங்கள் பிள்ளைகள் பாடுவது இதுதான். பதிலின் முதல் அசையில் தப்பு மேளத்தில் அடி விழ வேண்டும். வுவுசேலா ஊதும்போது ஆரம்பிக்காதீர்கள், சொல் கேட்காது. எதிரணி கார்னர் எடுக்க நேரமாகும்போது ஆரம்பியுங்கள். மூன்று சுற்று போதும். நாலாவது சுற்றை வேறொரு பிள்ளை எடுத்துக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் இடைவேளைக்குள் தொண்டை கட்டிவிடும்.