விலை ஏறுமுன் சவர்க்காரம் வாங்குங்கள்

டொலர் ஏறத் தொடங்கினால் முதலில் சேர்க்க வேண்டியது மாவோ சீனியோ அல்ல, சவர்க்காரம். மூன்று மாதத்துக்கானதை வாங்கி, உறையைப் பிரித்து, அடுப்பங்கரையில் புகை படாத உயரத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். புதுக் கட்டியில் ஈரம் இருக்கும். அது வற்றினால் கட்டி இறுகி, தண்ணீரில் மெதுவாகக் கரையும். நகத்தால் கீறிப் பாருங்கள்: புதியதில் நகம் இறங்கும், காய்ந்ததில் வழுக்கும். மணம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் சரிந்தபோது கடைக்குப் போனவர்களுக்கு அவசரம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது மைசூர் பருப்பு, அது இறக்குமதிப் பொருள். வெறும் சட்டியில் இலேசாகச் சூடாக்கி, நன்றாக ஆறிய பின் இறுக்கமான டின்னில் போட்டால் வண்டு எளிதில் அண்டாது. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

கோதுமை மாவுக்கு இந்தக் கணக்கு சரிவராது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மழைக்கால ஈரத்தில் அது கட்டிபட்டுப் பூஞ்சை வாடை அடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். கடைக் கணக்கில் கடன் எழுதிச் சேர்ப்பதும் வேண்டாம்.