சபையில ஒருத்தர் உடைஞ்சு போயிருக்காங்களா? மூணாவது வாரத்துக்கு அப்புறம் என்ன பண்றது

முதல் வாரத்துக்கு எந்த சபைக்கும் யாரும் க்ளாஸ் எடுக்க வேண்டியதில்ல. ஒரு சாவுன்னா ஆளுங்க வந்துடுவாங்க, அடக்க ஆராதனையில நிக்க இடமிருக்காது, பாஸ்டர் வருவாரு, பாட்டு, ஜெபம், எல்லாம் நல்லாவே நடக்கும். சிக்கல் மூணாவது வாரம்தான். சொந்தக்காரங்க கிளம்பியிருப்பாங்க, போன் அடிக்கிறது நின்னிருக்கும், அதிர்ச்சியில மரத்துக் கிடந்த மனசுக்கு அப்பதான் வலி தெரிய ஆரம்பிக்கும். நான் சபையில வீடு சந்திப்பு டீம்ல பல வருஷமா இருக்கேன், பார்த்ததுல சொல்றேன், நம்ம கூட்டம் வர்றது ஒரு நேரம், அவங்களுக்கு ஆள் தேவைப்படுறது வேற நேரம். அதனால இது முழுக்க அந்த மூணாவது வாரத்துக்கு அப்புறம் பண்ண வேண்டியதைப் பத்திதான்.

முதல்ல ஒரு நோட்டு போடுங்க. ரெண்டு பேர் கையில மட்டும் இருக்கணும். யார் இறந்தாங்க, தேதி, அவங்க பிறந்த நாள், கல்யாண நாள், அவ்வளவுதான். அப்புறம் போன்ல ரிமைண்டர்: மூணாவது வாரம், மூணாவது மாசம், ஆறாவது மாசம், அந்த பிறந்த நாள், ஒரு வருஷம். அன்னைக்கு ஒரு மெசேஜ். "அக்கா, இன்னைக்கு அண்ணன் பிறந்த நாள்னு ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல." இந்த கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏன்னா துக்கத்துல இருக்குறவங்களுக்கு வர்ற ஒவ்வொரு மெசேஜும் பதில் சொல்லியாக வேண்டிய இன்னொரு வேலை. இறந்தவங்க பேரைச் சொன்னா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க. அவங்க என்ன மறந்தா இருக்காங்க?

பேச்சு விஷயத்துல என் வண்டவாளத்தையே சொல்லிடுறேன். ஆரம்பத்துல ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன், மகன் போயி பத்து நாள்தான் ஆயிருந்துச்சு. உக்காந்த கையோட "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் அம்மா"ன்னு ஆரம்பிச்சுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, மடியில இருந்த அவன் சட்டையை எடுத்து மடிச்சாங்க, பிரிச்சாங்க, திரும்ப மடிச்சாங்க. அப்புறம் ஏழெட்டு மாசம் சபைப் பக்கமே வரல. அந்த வசனம் பைபிள்ல பிள்ளைங்களை எல்லாம் இழந்த யோபு தன் வாயால தனக்குத்தானே சொன்னது, நான் எடுத்து அவங்க தலையில வச்சுட்டேன். யோபுவோட சிநேகிதருங்க மூணு பேரும் ஏழு நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க, அந்த ஏழு நாள் அவங்க பண்ணது சரிதான், வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு.

அதனால "எல்லாம் நன்மைக்குத்தான்", "அவங்க நல்ல இடத்துலதான் இருக்காங்க", "நீங்க தைரியமா இருந்தாத்தான் பிள்ளைங்க தைரியமா இருப்பாங்க", இந்த மூணையும் வீட்டு வாசல்லயே கழட்டி வச்சுட்டுப் போங்க. அவங்களா பரலோகத்தைப் பத்திப் பேசுனா கேளுங்க, கூட பேசுங்க. நாமளா இழுக்க வேணாம். என்ன சொல்றதுன்னு தெரியலன்னா "என்ன சொல்றதுன்னே தெரியல அக்கா, உங்க கூட கொஞ்ச நேரம் இருக்கலாம்னு வந்தேன்"னு சொல்லுங்க. அதுவே போதும். வேணும்னா "அவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்"னு கேளுங்க. ஒரே கதையை நாலாவது தடவை சொன்னாலும் முதல் தடவை மாதிரி கேக்கணும், அதுதான் நம்ம வேலையே.

அடுத்து "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க"ன்னு சொல்றதை விட்ருங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க. "வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வந்து பசங்களை ட்யூஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன், சரியா?"ன்னு கேளுங்க, அவங்க "சரி"ன்னோ "வேணாம்"னோ சொன்னா மட்டும் போதுங்கிற மாதிரி. ஒரு சகோதரி வீட்டுக்காரர் திடீர்னு போயிட்டாரு, பேங்க் கணக்கு, கரண்ட் பில், நெட், எல்லாமே அவர் பேர்ல, பாஸ்வேர்ட் எல்லாம் அவர் தலைக்குள்ள. எங்க டீம்ல ஒரு அண்ணன் நாலு சனிக்கிழமை அவங்க கூட உக்காந்து ஒவ்வொண்ணா பேர் மாத்திக் கொடுத்தாரு. ஒரு வசனம் கூட சொல்லல. இன்னைக்கும் அந்தக்கா சபையில யாரைப் பத்தியாவது நன்றியாப் பேசுனா அது அந்த அண்ணனைப் பத்திதான்.

ஞாயித்துக்கிழமை ஒரு தனி விஷயம். ரெண்டு பேரா உக்காந்த பெஞ்ச்ல தனியா உக்காருறது எவ்வளவு கொடுமைன்னு வெளிய இருந்து தெரியாது. வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போனவங்க இருக்காங்க. முந்தின நாளே போன் பண்ணி "நான் கேட்கிட்ட நிக்கிறேன், கடைசி பெஞ்ச்ல சேர்ந்து உக்காரலாம், முடியலன்னா பாதியில எழுந்து போயிடலாம்"னு சொல்லுங்க. கிறிஸ்மஸ், அன்னையர் தினம் ரெண்டும் இன்னும் கஷ்டம். சில நாடுகள்ல டிசம்பர் 21 வாக்குல, வருஷத்துலயே நீளமான ராத்திரின்னு, துக்கத்துல இருக்குறவங்களுக்காக ஒரு அமைதியான ஆராதனை வைக்கிறாங்க, ப்ளூ கிறிஸ்மஸ்னு பேரு. பெருசா ஒண்ணும் இல்ல, மெழுகுவர்த்தி, ரெண்டு பாட்டு, அழுதா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. எந்த சபையாலயும் பண்ண முடியும்.

கருச்சிதைவு, விவாகரத்து, மறதி நோய் வந்த அப்பா, இதுக்கெல்லாம் அடக்க ஆராதனை கிடையாது, அதனால யாரும் வர்றதும் இல்ல. நோட்டுல இதுக்கும் இடம் வைங்க. அப்புறம் தற்கொலையில யாராவது இறந்தா சபை வாயடைச்சுப் போயிடுது, குடும்பம் ரெட்டை தண்டனை அனுபவிக்குது. கத்தோலிக்க திருச்சபையே 1992ல வந்த தன் மறைக்கல்வி நூல்ல, அப்படி இறந்தவங்களோட நித்திய மீட்பைப் பத்தி நம்பிக்கை இழக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. மத்த எந்தக் குடும்பத்துக்குப் போற மாதிரியோ அதே மாதிரி போங்க, எப்படி ஏன்னு மட்டும் கேக்காதீங்க.

இப்ப மன நோய். துக்கம் நோய் இல்ல, அழுறது விசுவாசக் குறைவு இல்ல, லாசரு கல்லறைகிட்ட இயேசுவே அழுதாரு. ஆனா சில அடையாளம் பார்க்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும், எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கம் சாப்பாடு மாறி, எழுந்து குளிக்கவே முடியாம இருந்தா டாக்டரைப் பார்க்கணும். இழப்பு நடந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் முதல் நாள் மாதிரியே ஏக்கம் தினமும் ஆளை முடக்கிப் போட்டுச்சுன்னா அதுக்கும் இப்ப தனி சிகிச்சை இருக்கு, 2022ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் கையேட்டுல நீடித்த துக்கக் கோளாறுன்னு சேர்த்துட்டாங்க. அதுக்காக பதினோராவது மாசம் அழுறவங்களைப் பார்த்து "இன்னுமா?"ன்னு கேட்டு வைக்காதீங்க.

"பிசாசு", "உபவாசம் இருந்தா சரியாயிடும், மாத்திரையை நிறுத்து", இதை சபையில யார் சொன்னாலும், மூப்பரே சொன்னாலும், தனியா கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க. மன அழுத்த மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், திடீர்னு நிறுத்துனா உடம்பு படாத பாடு படும், நோயும் திரும்பி வரலாம். ஜெபமும் பண்ணலாம் மாத்திரையும் போடலாம், சர்க்கரைக்குப் போடுறோம்ல? பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி அடியில படுத்து சாகணும்னு கேட்டப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டான், தட்டி எழுப்பி சாப்பிட வச்சான், மறுபடி தூங்க விட்டான். பேச்செல்லாம் நாப்பது நாள் கழிச்சுதான்.

யாராவது "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது"ங்கிற மாதிரி பேசுனா சுத்தி வளைக்காம நேராக் கேளுங்க: "சாகணும்னு தோணுதா?" கேட்டா நாமளே அந்த நினைப்பை விதைச்சுடுவோம்னு ஒரு பயம் இருக்கு, அது தப்பு, உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்லுது, கேட்டா பெரும்பாலும் அவங்களுக்கு பாரம்தான் குறையும். ஆமான்னு சொன்னா திட்டாதீங்க, பாவம்னு ஆரம்பிக்காதீங்க. எப்படி எப்பன்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்காங்களான்னு கேளுங்க. தனியா விடாதீங்க, ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டுற இடத்துல இருக்க விடாதீங்க, நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்ல உங்க நாட்டு ஹெல்ப்லைனுக்குப் பக்கத்துல உக்காந்து போன் போட்டுக் கொடுங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணாதீங்க, இந்த ஒரு விஷயத்துல ரகசியம் காக்க முடியாது.

மத்ததுல எல்லாம் ரகசியம் ரகசியம்தான். ஒரு தடவை ஒரு தம்பி தனக்கு மன அழுத்தம்னு ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னான், சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப் குரூப்ல பேரோட ஜெபக்குறிப்பா வந்துடுச்சு, கூடவே நாப்பது கும்பிடு எமோஜி. அவன் குரூப்லேர்ந்து மட்டுமில்ல, சபையிலேர்ந்தே வெளிய போயிட்டான். அதுக்கப்புறம் எங்க டீம்ல ஒரே ரூல், சம்பந்தப்பட்டவங்ககிட்ட "எதைச் சொல்லலாம், யார்கிட்ட சொல்லலாம்"னு கேக்காம ஒரு எழுத்து வெளிய போகாது, பாஸ்டர்கிட்ட கூட.

இதெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கென்ன தெரியும்னு தோணுதா? சாட் வாரான்னு லண்டன்ல ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர், 1953ல தன் ஆலயத்துலயே போன் வச்சு தற்கொலை எண்ணத்துல இருக்குறவங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பிச்சாரு, மனசு உடைஞ்சவங்க பேசுறதைக் கேக்குற சமாரிட்டன்ஸ்ங்கிற அமைப்பு அப்படித்தான் தொடங்குச்சு. அவரைப் பார்க்க காத்திருந்தவங்களுக்கு, உதவி பண்ண வந்த சாதாரண ஆளுங்க சும்மா டீ கொடுத்துப் பேசிட்டு இருந்தாங்க. பல பேருக்கு அதுவே போதுமா இருந்துச்சு, அவரைப் பார்க்காமலே கிளம்பிட்டாங்க. அடுத்த வருஷமே கேக்குற வேலையை அந்த டீ கொடுத்தவங்ககிட்டயே கொடுத்துட்டாரு.

டீம் ஆளுங்களுக்கும் ஒண்ணு. ரெண்டு ரெண்டு பேராப் போங்க, ஒருத்தரே ஒரு குடும்பத்தைச் சுமக்க வேணாம், ராத்திரி எத்தனை மணி வரைக்கும் போன் எடுப்பீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க, அதுக்கு மேல அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு அந்த நம்பரையும் கொடுத்துடுங்க. மாசம் ஒரு தடவை நீங்க எல்லாரும் உக்காந்து உங்க பாரத்தை இறக்கி வைங்க, பேர் சொல்லாம.

போனா கதவு திறக்காதவங்களும் இருப்பாங்க. அந்த சட்டை மடிச்ச அம்மா வீட்டுக்கு நான் மாசம் ஒரு தடவை போயி, பெல் அடிச்சு, "நான்தான் அம்மா, சும்மா வந்தேன், கிளம்புறேன்"னு கதவுகிட்ட சொல்லிட்டு வந்துடுவேன். அஞ்சாவது மாசம் ஜன்னல் திரை லேசா அசைஞ்சுச்சு. ஏழாவது மாசம் கதவைத் திறந்து "உள்ள வா, ஆனா ஒண்ணும் பேசாத"ன்னாங்க. பேசல.