எம்சிஎச்சி 36-ஐத் தாண்டினால் என்ன செய்வது? சிபிசி பிழைகளைப் பிடிக்கும் முறை

சிபிசி என்பது ரத்த அணுக்களை எண்ணும் முழுச் சோதனை; எம்சிஎச்சி அதில் வரும் ஓர் எண், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி செறிவு. அணுக்களை எண்ணும் மெஷினான செல் கவுன்ட்டரில் வரும் தவறான எண்களில் பெரும்பாலானவை ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பிறந்துவிடுகின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: ரத்தம் எடுத்தல்
கையில் இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கெட்டை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்திவிடுங்கள். நேரம் நீண்டால் ரத்தம் செறிவடைந்து ஹீமோகுளோபின் கூடுதலாக வரும். சலைன் ஏறும் கையில் எடுத்தால் எல்லா எண்ணிக்கையும் குறையும். ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூபைக் கோடு வரை நிரப்பி, உடனே 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வேகமாகக் குலுக்கினால் செல்கள் உடையும்.

படி 2: உறைவு பார்த்தல்
மரக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றிப் பாருங்கள். சிறு உறைவு ஒட்டினாலும் அந்த டியூப் வேண்டாம், புதிதாக ரத்தம் கேளுங்கள். பிளேட்லெட்டுகள் உறைவில் சிக்கியிருக்கும். மெஷினின் துளையும் அடைபடும்.

படி 3: எண்களை ஒப்பிடுதல்
ஹீமோகுளோபின் × 3, ஹீமடோக்ரிட்டுக்கு (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தின் சதவீதம்) 3 கூடவோ குறையவோ அருகில் வர வேண்டும். ஹீமோகுளோபின் 12 என்றால் ஹீமடோக்ரிட் சுமார் 36. இது இயல்பான அளவுள்ள சிவப்பணுக்களுக்கு மட்டுமே பொருந்தும். இரும்புச்சத்துக் குறைவில் பொருந்தாததைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

எம்சிஎச்சி 36-ஐத் தாண்டியிருந்தால் ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். சிவப்பணு எண்ணிக்கை சரிந்து எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) ஏறியிருந்தால், குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருளான கோல்ட் அக்ளுட்டினின் இருக்கலாம். ஒட்டிக்கொண்ட பல செல்களை மெஷின் ஒரே பெரிய செல்லாக எண்ணுகிறது. ஹீமோகுளோபினை மட்டும் செல்களை உடைத்து அளப்பதால் அது சரியாகவே இருக்கும். டியூபை 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, கலக்கி, சூடு ஆறுமுன் மெஷினில் ஓட்டுங்கள்.

எம்சிவி மாறாமல் ஹீமோகுளோபின் மட்டும் ஏறியிருக்கிறதா? கொஞ்சம் ரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். மேலே பிரியும் திரவமான பிளாஸ்மா பால் போலிருந்தால் கொழுப்பின் கலங்கல்தான் காரணம். பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அதே அளவு டைலுயன்ட் (மெஷினில் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) ஊற்றிக் கலந்து மீண்டும் ஓட்டுங்கள். பிளாஸ்மா சிவப்பாக இருந்தால் ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அது ரத்தம் எடுத்த விதத்தால் நேர்ந்ததா, நோயாளியின் உடலிலேயே நடக்கிறதா என்பதை மறு மாதிரி காட்டும். எதுவும் சிக்காவிட்டால் ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தம்) ஸ்பீரோசைட் எனும் உருண்டைச் சிவப்பணுக்களைத் தேடுங்கள். அப்போது உயர்ந்த எம்சிஎச்சி உண்மையாகவே இருக்கலாம்.

படி 4: பிளேட்லெட் குறைவு
உறைவே இல்லாமலும் இடிடிஏ சிலருடைய பிளேட்லெட்டுகளைக் கொத்தாகச் சேர்த்துவிடும். கொத்துகள் வெள்ளையணுக்களாக எண்ணப்பட்டு அந்த எண்ணிக்கை பொய்யாக ஏறுவதும் உண்டு. ஸ்மியரின் வால் ஓரத்தில் கொத்து தெரிந்தால், உறைவைத் தடுக்கும் வேறொரு பொருளுள்ள நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து, வரும் பிளேட்லெட் எண்ணிக்கையை 1.1-ஆல் பெருக்குங்கள். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் திரவம் சேர்வதை இது ஈடுகட்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால், ரத்தப்போக்கு அபாயமே இல்லாதவருக்கு வீணாகப் பிளேட்லெட் ஏற்றப்படலாம்.