நத்தையை நசுக்காதீர்கள், மதிலுக்கு அந்தப் பக்கமும் வீசாதீர்கள்

மழை விட்ட காலையில் சுவரில் உள்ளங்கை நீள நத்தை ஒன்று ஊர்கிறது. ஒருவர் செருப்புக் காலால் நசுக்குகிறார். இன்னொருவர் "பாவம், வாயில்லா ஜீவன்" என்று எடுத்து மதிலுக்கு அந்தப் பக்கம் விடுகிறார். அது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ராட்சத நத்தை என்றால் இரண்டுமே வம்புதான்.

இரக்கப்பட்டவர் கதையை முதலில் பார்ப்போம். 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து இந்த இன நத்தைகள் மூன்றை அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழே ஆண்டுகளில் 18,000க்கு மேல் பெருகிவிட்டன! இந்த இனத்தில் ஆண், பெண் என்று தனித்தனியாக இல்லை. எந்த நத்தையும் முட்டையிடும், ஒரே தடவையில் 200 வரைகூட. 500க்கும் அதிகமான தாவரங்களைத் தின்னும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேடிச் சுவர்ப்பூச்சையும் சுரண்டும். ஆகவே வளர்க்கவும் வேண்டாம், வேறிடத்தில் விடவும் வேண்டாம். புதுச் செடியோ மண்ணோ வந்தால் கிளறிப் பாருங்கள். முட்டைகள் மிளகு அளவில் வெளிர்மஞ்சளாகக் கொத்தாகக் கிடக்கும்.

நசுக்கினால்? உள்ளே முட்டை இருந்தால் தரையில் சிதறும். காலி ஓட்டில் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும். மண்ணில் உப்பைத் தூவுவதும் சரியில்லை. நுரை தள்ளி நத்தை சாகும், ஆனால் உப்பு தங்கிச் செடியின் வேரைக் கெடுக்கும். மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு கலந்த நத்தை மருந்தை நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. அந்தி சாய்ந்த பிறகு கையுறையோடு பொறுக்கி, வாளியில் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுச் சாகடித்து, ஆழக் குழிதோண்டிப் புதைப்பதே நல்லது. அலுப்பான வேலைதான்.

உடல்நல விஷயத்தில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது, நத்தையைத் தொட்டாலே நோய் வரும் என்பது. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆபத்து வாய்வழியாகத்தான். எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வெளியேறி, அதைத் தின்னும் நத்தைக்குள் வளர்கின்றன. அரைவேக்காட்டு நத்தையாலோ, குட்டி நத்தை ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் தின்ற பச்சைக் கீரையாலோ அவை மனிதருக்குள் போனால் மூளையை நோக்கிப் போகும். மூளை உறை வீங்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு ஆகியவை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தெரியும். அப்போது நாமாகவே பூச்சி மாத்திரை போடுவதுதான் பெரிய தவறு. மூளையில் புழுக்கள் செத்தால் வீக்கம் இன்னும் கூடலாம். மருத்துவரிடம் போய், நத்தை விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

அரசுகளும் தவறு செய்திருக்கின்றன. 1977இல் பசிபிக் தீவான மூரியாவில், ராட்சத நத்தையை ஒழிக்க வேறொரு கொன்றுண்ணி நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ தீவுக்கே உரிய சின்னஞ்சிறு மரநத்தைகளை வேட்டையாடித் தீர்த்தது. அவற்றில் சில இனங்கள் விலங்குக் காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில்தான் தப்பின.